அப்பாவின் வெப்ராளத்தை அளந்த கதை

"அப்பா விழுந்துட்டாரு" என்று அண்ணன் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, எரிச்சல். என் நம்பர் இத்தனை வருஷமும் இவனிடம் இருந்திருக்கிறது. அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அடக்கத்துக்குப் பெட்டியை மூடப் போகிற நேரத்தில்தான் யாரோ சொல்லி நான் ஓடினேன். இப்போது மட்டும் இவனுக்கு எப்படி விரல் வளைந்தது?

"நான் வந்து என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"வந்து ஒரு நோக்கு பாத்துட்டுப் போ. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆளுவ சொல்லுவாவ, மகளுக்குச் சொல்லல்லன்னு."

ஆக, கூப்பிட்டது எனக்காகவும் இல்லை, அப்பாவுக்காகவும் இல்லை. ஊர் வாய்க்காக. "சவம், அந்த ஆளுவளையே கூப்பிட்டுப் பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன்.

ஏன் ஏறினேன் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அவரிடமிருந்து எனக்கு ஒரு சொல் வரவேண்டியிருந்தது.

அப்பா அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, டிக்கெட் டிக்கெட் என்று கேட்டுக்கொண்டே போவார். டிக்கெட் இல்லாத ஆளிடம் ஏன் எடுக்கவில்லை என்றோ, எங்கே ஏறினாய் என்றோ விசாரணை வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "எறங்கு" என்பார், அவ்வளவுதான். மழையோ வெயிலோ, ரப்பர் தோட்டத்து நடுவோ, அந்த ஆள் இறங்கியாக வேண்டும். வீட்டிலும் அதே சட்டம்தான். எங்கள் புராட்டஸ்டன்ட் சபைக் கமிட்டியில் அவர் செயலாளராக இருந்த காலத்தில் பாடகர் குழுவில் பாதிப் பேரை அப்படித்தான் இறக்கிவிட்டார்.

கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்யப் போகிறேன், அவர் ஆழ்கடல் போட்டில் போகிறவர் என்று நான் சொன்ன மத்தியானம் அப்பா மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மீனைப் பிடித்தது யாராம்? எந்தச் சபைக்காரன் கடலுக்குப் போய்ப் பிடித்து வந்தான்? அதை நான் கேட்கவும் செய்தேன். அவர் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து "எறங்கு" என்றார். நான் இறங்கினேன். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொல்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் பார்த்தோம். அம்மாவின் குழிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார், இந்தப் பக்கம் நான் நின்றேன். கரண்டு கம்பத்தைப் பார்க்கிறதுபோலப் பார்த்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பேசாத ஆளிடம் என்ன செய்ய முடியும்? எனக்கு ஒரு சொல் வேண்டும். அது நல்ல சொல்லாக இருக்கவேண்டுமென்று நான் கேட்கவில்லை. அதையும் சொல்லாமல் அவர் போய்விட்டால் நான் சும்மா விடப்போவதில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தேன். செத்த ஆளை என்ன செய்யமுடியும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்ததாம். மூச்சு தானாக வந்தது. கையைக் கிள்ளினால் இலேசாக இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அண்ணனும் அவன் மனைவி மயினியும் கட்டிலுக்கு இருபுறமும் நின்றார்கள். மயினி என்னைப் பார்த்து "வந்தியா?" என்றாள். நீ வராமல் இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும் என்பது அந்தக் குரலில் இருந்தது.

டாக்டரம்மா மதுரைப் பக்கத்துக்காரர். எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"தலையில வயர் ஒட்டி மூளையோட மின்சாரத்தைப் பார்ப்போம். நெஞ்சுல ஒட்டி இதயத் துடிப்பைப் பார்ப்போம். ரெண்டையும் ஒரே நேரத்துல பதிவு பண்ணும்போது தெரிஞ்ச குரல்ல பேசணும். உள்ளே ஏதாவது கிளர்ச்சி வந்தா ரெண்டு கோட்டுலயும் தெரியும். வந்தா ஆள் உள்ளே இருக்கார்னு வச்சுக்கலாம், சிகிச்சையைத் தொடரலாம்."

"வரல்லன்னா?" என்று அண்ணன் கேட்டான்.

"வரலைன்னா, வீட்டுக்குக் கொண்டுபோறதைப் பத்தி உட்கார்ந்து பேசுவோம்."

அண்ணன் தலையாட்டினான். கொஞ்சம் வேகமாகவே ஆட்டினான் என்று எனக்குப் பட்டது.

அன்றைக்கு அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. வயர் ஒட்ட வந்த பெண் அப்பாவின் தலையைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"யாரு தலையில எண்ணெய் தேச்சது?"

"அது சாதாரண எண்ணெய் இல்ல மக்கா" என்றாள் மயினி. "எழுப்புதல் கூட்டத்துல ஜெபிச்சுக் குடுத்த எண்ணெய். குப்பி முழுக்கத் தேச்சேன்."

"எந்த எண்ணெயா இருந்தாலும் வயர் ஒட்டாது ஆன்ட்டி. குளிப்பாட்டி விடுங்கன்னு நேத்தே சொன்னேன்லா?"

பஞ்சால் துடைத்துவிட்டு எப்படியோ நாலைந்தை ஒட்டிப் பார்த்தாள். திரையில் கோடுகள் கன்னாபின்னாவென்று ஓடின. மயினி இரண்டு கையையும் மேலே தூக்கி, "ஸ்தோத்திரம்! ஓடுது பாருங்க! எண்ணெய் வேலை செய்யுது!" என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் கண்ணீர் விட்டான்.

"அது மூளை இல்ல ஆன்ட்டி. வயர் வழுக்குது" என்றாள் அந்தப் பெண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா இருக்கிற நிலையில் சிரித்தேன் என்று மயினி இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள். ஆமாம், சிரித்தேன்.

மறுநாள் ஷாம்பு போட்டு மூன்று தடவை அலசினார்கள். வாழ்நாள் முழுக்க எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை பஞ்சாகப் பறந்தது. அதில் பசை வைத்து ஒவ்வொரு வயராக ஒட்டினார்கள். இந்த முறை கோடுகள் ஒழுங்காக வந்தன, மேலே மூளை, கீழே இதயம்.

முதலில் அண்ணன். "அப்பா, நாந்தான் அப்பா, கண்ணத் தொறந்து பாருங்க" என்றான். கண் திறந்துதான் இருந்தது. கோட்டில் ஒன்றுமில்லை. அடுத்தது பாமாலைப் பாட்டு. அப்பா ஆலயத்தில் அடித்தொண்டையில் பாடுகிற பாட்டையே போனில் வைத்து அவர் காதோரம் பிடித்தார்கள். அதற்கும் ஒன்றுமில்லை. பிறகு போதகர் ஜெபித்தார். ஆதாமில் தொடங்கி எங்கள் ஊர் வரைக்கும் வந்தார். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஆழமாத் தூங்கப் போறார்" என்றார். அப்பாவுக்கு உணர்வு இருந்த காலத்திலும் இவருடைய பிரசங்கத்துக்கு அதுதான் நடந்தது.

"வேற யாரு இருக்கீங்க?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க?"

"மக."

"அவ வேண்டாம் டாக்டர்" என்றான் அண்ணன். "அவளுக்கும் அப்பாக்கும் பேச்சு கெடையாது."

"அப்போ அவங்களைத்தான் முதல்ல விட்டிருக்கணும்."

நான் கட்டிலருகே போனேன். பஸ்ஸில் வரும்போது எத்தனை வசனம் தயார் செய்திருந்தேன்! ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தப் பறக்கிற முடியையும், கெறுவோடு எப்போதும் தூக்கியே இருந்த தாடை கோணிக் கிடப்பதையும் பார்த்தேன். பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்பா, நாந்தான்" என்றேன். "எறக்கி விட்டுரலாம்னு பாக்காண்டாம். டிக்கெட் எடுத்துட்டுத்தான் ஏறியிருக்கேன்."

கீழ்க்கோடு எம்பியது. எழுபதில் கிடந்த துடிப்பு மளமளவென்று ஏறி நூறைத் தாண்டியது. மேலே சோம்பலாக அலைந்துகொண்டிருந்த பெரிய அலைகள் எல்லாம் நொறுங்கிச் சின்னச் சின்னதாக ஓடத் தொடங்கின. வயர் ஒட்டிய பெண் "மேடம்!" என்றாள். டாக்டரம்மா என் தோளைப் பிடித்து, "நிறுத்தாதீங்க, பேசுங்க" என்றார்.

அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றுவிட்டான். "அப்பா உன்ன மன்னிச்சிட்டாரு மக்கா! உனக்க சத்தத்துக்காகத்தான் காத்துக் கெடந்திருக்காரு!"

வெளியே வந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இது சந்தோஷமா, கோபமா?"

"அது இதுல தெரியாதும்மா. பயந்தாலும் இதயம் ஓடும், ஆசைப்பட்டாலும் ஓடும், ஆத்திரப்பட்டாலும் ஓடும். உள்ளே எவ்வளவு கொதிக்குதுன்னு சொல்லலாம். எதுக்குக் கொதிக்குதுன்னு சொல்ல முடியாது."

எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. கோபம் வந்தாலும் வெப்ராளம், மனசு பொறுக்காமல் அழுதாலும் வெப்ராளம், பதறினாலும் அதுதான். அந்த மெஷின் அளந்தது வெப்ராளத்தை. ஆனால் எனக்கு மெஷின் வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் கழுத்தில் இடதுபக்க நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். டிக்கெட் இல்லாத ஆள் எதிர்த்துப் பேசினால் புடைக்கிற நரம்பு அது. அவர் உள்ளேதான் இருந்தார். இருந்துகொண்டு என்மேல் எரிந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி போனில் வீடியோ ஒன்றை அனுப்பினாள். அப்பாவின் சபை ஆராதனையை இப்போது நேரலையில் போடுகிறார்கள். சாட்சி சொல்லுகிற நேரம். கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்க தங்கச்சி வழி தப்பிப் போனவ. அப்பா மனசு ஒடஞ்சி கெடந்தாரு. ஆனா அவ சத்தத்தக் கேட்டதும் அப்பாக்க இருதயம் சந்தோஷத்துல துள்ளிச்சி. டாக்டரே மெஷின்ல பாத்தாவ. கெட்ட குமாரத்திய அப்பா மன்னிச்சிட்டாரு!"

சபை முழுக்க ஆமென் என்றது.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்போது என்மேல் வயர் ஒட்டியிருந்தால் அதையும் சந்தோஷம் என்று சொல்லியிருப்பான். நான் யாருடைய வீட்டில் திருடினேன், மன்னிக்கிறதற்கு? உடனே கூப்பிட்டேன்.

"லே, நான் கெட்ட குமாரத்தியா?"

"சாட்சிக்குச் சொன்னது. பைபிள்ல உள்ள கெட்ட குமாரன் கததானே?"

"அப்பா என்ன மன்னிக்கல்ல. அவருக்கு என்னக் கண்டா பத்திக்கிட்டு வருது. அதுதான் மெஷின்ல ஏறிச்சு."

"அப்பா மன்னிச்சது உனக்குப் பொறுக்கல்ல, இல்லியா?" என்றான். "நீ அவர மாதிரியேதான் ஏட்டி."

போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

போகவே கூடாது என்றிருந்தேன். ஆனால் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார், நீங்கள் பேசிய அன்று மட்டும்தான் கோடு மாறியது, தினமும் வந்து பேசினால் நல்லது என்று. அன்றைக்கு என் வீட்டுக்காரர் கடலிலிருந்து கரைக்கு வந்திருந்தார். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "போய்ச் சண்ட போட்டுட்டு வா. உனக்குச் சொல்லியா தரணும்? என்கிட்டப் போடுறதுல பாதி போட்டாப் போதும், அந்த மனுஷன் எந்திரிச்சி ஓடுவாரு."

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறுவேன். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்று நின்று, உள்ளே போகும்போதே எனக்குச் சூடு ஏறியிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குவேன். அம்மாவை ஏன் என்னிடம் காட்டவில்லை? உங்கள் சபையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மாதாவைப் பொம்மை என்று சொன்னது யார்? வாரம் ஆறுநாள் எங்கள் ஆட்கள் பிடித்த மீன் இறங்கிய தொண்டையில் என் பெயர் மட்டும் ஏன் இறங்கவில்லை? நர்சுகள் முதலில் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டது. "அக்கா வந்தாச்சு, தாத்தாவுக்கு இன்னிக்கு பிரஷர் ஏறும்" என்று ஒருத்தி சொல்வாள். துடிப்பு எவ்வளவுக்கு ஏறலாம் என்று டாக்டரம்மா ஓர் அளவு வைத்திருந்தார். தொட்டதும் கையைக் காட்டுவார்கள், நான் வாயை மூடுவேன். சில நாட்களில் அப்பாவின் கண் என் முகத்தில் வந்து நின்றது. வலதுகை விரல்கள் மடங்கின. எதையோ எட்டிப் பிடித்து வெளியே தள்ளுகிறதுபோல மடங்கின.

ஒரு நாள் எனக்கு அலுத்துவிட்டது. தலைவலி வேறு. வயரெல்லாம் ஒட்டி அடுத்த பரிசோதனைக்குத் தயாராக இருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில், யாருக்கும் கேட்காமல் சொன்னேன்: "அப்பா, எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும். பஸ்ஸுல முன்சீட்டுல என்ன இருத்தி ஆரல்வாய்மொழி வர கூட்டிட்டுப் போவீங்கல்லா, கரண்டுக் காத்தாடி பாக்க? அந்த அப்பாவ எனக்குப் பிடிக்கும்."

திரையைப் பார்த்தேன். கோடுகள் பழையபடியே ஓடின. மேலேயும் கீழேயும் ஒரு மாற்றமும் இல்லை. அண்ணனுக்குக் கிடைத்ததுதான் எனக்கும் கிடைத்தது.

அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "வீட்ல யாருக்கும் சொகமில்லியா மோளே?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

மறுநாள் போய், "நேத்து நான் சொன்னதெல்லாம் வாபஸ்" என்றேன். துடிப்பு ஏறியது.

ஒருவழியாக அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்கிற அளவுக்குக் கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய் மட்டும் வரவில்லை. வருமா என்று டாக்டரம்மாவால் சொல்லமுடியவில்லை. அண்ணன் விடுவானா? நன்றி ஜெபக் கூட்டம் வைத்தான். முற்றத்தில் பந்தல், வாடகை நாற்காலிகள், மைக், வருகிறவர்களுக்கு டீயும் ஏத்தன்பழப் பஜ்ஜியும். என்னையும் கூப்பிட்டான். கெட்ட குமாரத்தி இல்லாமல் அந்தச் சாட்சி எடுபடாதே!

இறங்கிப்போன வாசலில் ஏறுவது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டு மேஜை அதே இடத்தில் கிடந்தது. என்னை முன்வரிசையில், அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். அவருக்கு வெள்ளை ஜிப்பா போட்டு, தலையில் மறுபடியும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். அந்தப் பழைய ஆள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்.

போதகர் ஒப்புரவாகுதலைப் பற்றிப் பேசினார். அண்ணன் எழுந்து மறுபடியும் துடிப்பு, மெஷின், மன்னிப்பு என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவருடைய கழுத்தில் இடதுபக்க நரம்பு புடைத்தது.

"இப்ப அப்பாவும் மகளும்…" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாவின் வாய் கோணிக்கொண்டு திறந்தது. எச்சில் வழிந்தது. மயினி துண்டோடு ஓடினாள். அவளைக் கையால் தள்ளினார். கண் என்மேலேயே இருந்தது.

"எ… எ… எறங்கு."

மைக் அவர் பக்கத்தில் இருந்ததால் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"அது… அப்பா சும்மா அனக்கம் காட்டுகாரு" என்றான் அண்ணன். "வார்த்தை ஒண்ணும் இல்ல. நாம ஜெபிப்போம்."

வார்த்தைதான். எனக்கு அந்த வார்த்தையைத் தெரியாதா? கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆத்திரமா, சந்தோஷமா, என்ன எழவு என்று எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து அப்பா என்னிடம் பேசிவிட்டார்.

நான் எழுந்தேன். போகப்போகிறேன் என்று நினைத்துப் பெண்கள் வழிவிட்டார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், என் முட்டு அவர் முட்டில் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"எறங்கமாட்டேன்" என்றேன். "காது கேக்கல்ல. இன்னொருக்கா சொல்லுங்கப்பா."

சொன்னார்.